தைல வாசமுள்ள இலை

கரோலின் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். அக்கா ஜெசிந்தா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் கடையும் அக்காவின் கட்டிலும்தான் அவளுக்குக் கோயமுத்தூர். மாசியில் அக்கா போய்ச் சேர்ந்தாள். கரோலின் அழவில்லை. வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமேலாச்சும் உன்னயப் பாத்துக்கோ கண்ணு" என்றார்கள். "சரிங்க" என்றாள்.

மே மாதம் சர்ச்சிலிருந்து சிலர் நீலகிரியில் மலையேறப் போனார்கள். அண்ணன் பாக்கியசாமி அவளைக் கேட்காமலே அவள் பெயரையும் கொடுத்துவிட்டார். வரமாட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை. போனாள்.

வழிகாட்டியாக வந்த அபிலாஷ் செடி செடியாக நிறுத்திக் காட்டினான். முறுக்கிய கிளையெல்லாம் சிவப்புக் கொத்தாகக் காட்டுப்பூவரசு. "அழகா இருக்குதுங்களா?" என்று கேட்டான். "ஆமாங்க" என்றாள். சிவப்பாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

இன்னும் மேலே, புல்வெளி ஓரத்தில் ஒரு புதர். அபிலாஷ் ஒரே ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி நீட்டினான். "அட, மூட்டுவலித் தைலமுங்க!" என்று எல்லாரும் சிரித்தார்கள். இலை கை மாறி அவளிடம் வந்தது. அக்காவின் அறை அப்படியே மூக்கில் ஏறியது. ஏதாவது வரும் என்று நின்றாள். ஒன்றும் வரவில்லை.

அப்போது கூட வந்த ரெஜினா டீச்சர் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ள, "ஐயோ" என்று உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே கரோலின் அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கால்விரல்களைப் பின்னுக்கு மடக்கி, குதிகாலிலிருந்து மேலே நீவினாள்.

"நர்ஸ் வேலைங்களா?" என்றார், புதிதாகச் சர்ச்சுக்கு வந்திருந்த டீச்சர்.

"இல்லீங்க. ஊட்டுல அக்காவுக்கு இப்படிச் செய்வனுங்க."

"அக்காவுக்கு இப்ப எப்படீங்க இருக்குது?"

"பரவால்லீங்க."

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரோலின் கை நிற்கவில்லை. டீச்சர் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நீவினாள்.

மேலே ஏறும்போது அண்ணன் பக்கத்தில் வந்தார். "ஏன் அம்மணி அப்படிச் சொன்னே?"

"வாயில வந்துருச்சுங்ணா."

உச்சியில் பாறை இடுக்குகளில் நகத்தளவு வெள்ளைப் பூக்கள் காற்றில் ஆடின. மற்றவர்கள் குனிந்து படம் எடுத்தார்கள். கரோலின் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றை முழுதும் தின்றாள்.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கடைக்குப் போனாள். அடுத்த மாதம் அபிலாஷ் போன் செய்து, இன்னொரு மலைக்கு வருகிறீர்களா என்று கேட்டான்.

"வாரனுங்க" என்றாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.