பாட்டிலில் படியாத வெள்ளை

டெம்போவிலிருந்து கிரானைட் பலகையை இறக்கும்போது நான்கு பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். நடுவில் ஒருவன் கையை விட்டால் மற்ற மூவரின் கால் போய்விடும். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒருநாளும் முதல் ஆளாக “இறக்கு” என்று கத்தியதில்லை. அன்று கத்தினேன். மூச்சு உள்ளே போகவே மாட்டேன் என்றது.

ஈஜிபுராவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீடுகளுக்குச் சமையல் மேடையும் படிக்கட்டும் கல் அறுத்துப் பொருத்துவது என் தொழிலாக இருந்தது. கல் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்த்த டாக்டர் டிபி என்றார். ஆறு மாதம் மாத்திரை விழுங்கினேன். சிறுநீர் ஆரஞ்சு நிறமானதைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் (நெஞ்சைத் துண்டு துண்டாகப் படம் எடுப்பது) எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா கன்னடக்காரர். என்னிடம் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார்.

“டிபி அல்லா ரீ இது, டிபி இல்ல. சிலிகோசிஸ். நீங்க அறுத்த கல்லோட தூள் உள்ள போய் உக்காந்திருக்கு.”

சிலிகோசிஸ் என்றால், கல்தூசி நுரையீரலில் தங்கி, அந்த இடம் தழும்பாக இறுகிப்போகும் நோய்.

“எடுத்துட முடியுமா மேடம்?”

“முடியாது. இனிமே போகாம பாத்துக்கலாம். கல்லுல குவார்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுதான் செய்யுது.”

பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். இத்தனை வருடம் கட்டிப்பிடித்துத் தூக்கிய கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதாம், அவருக்குத் தெரியுமாம்! வீட்டுக்கு வந்து போனில் குவார்ட்ஸ் என்று தேடினேன். தேடப்போய் ஓர் இணைய வகுப்பு கிடைத்தது. புவி அறிவியல், ஆரம்பப் பாடம், இலவசம், எட்டு வாரம். சேர்ந்துவிட்டேன்.

என் மனைவி செல்வி ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். கேட்டதும் சிரித்தாள். “இன்னாங்க, அறுத்தது பத்தலையா? இப்ப கல்லைப் படிக்கவும் போறீங்களா?”

“ஆமா, என்னைக் கொல்றது யாருன்னு பேராவது தெரிஞ்சுக்கிறேன்.”

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த மாதிரிப் பேச்சை அதன்பின் நான் பேசவில்லை.

நான் பத்தாவது வரைதான். பாடம் இங்கிலீஷ். கீழே ஓடும் தமிழ் எழுத்தை ஏதோ மெஷின் போட்டிருந்தது, பூமியின் மேலோடு ஒரு இடத்தில் ‘ரொட்டி ஓரம்’ ஆகிவிட்டது (இங்கிலீஷில் இரண்டுக்கும் ‘கிரஸ்ட்’தான்). வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் வாத்தியார் குடித்தவர்போலப் பேசினார். நடுநடுவே நிறுத்தி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதும் மூச்சுப் பயிற்சியும் செய்வேன். பத்து நிமிடப் பாடம் எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும், எனக்கு வேறு என்ன அவசரம்?

இரண்டாம் வாரம் கிரானைட் வந்தது. பூமிக்கடியில் உருகிய குழம்பு லட்சக்கணக்கான வருடம் மெதுவாக ஆறி இறுகியதாம். அதில் கண்ணாடிபோல மின்னும் துணுக்குதான் குவார்ட்ஸ். பாலிஷ் போட்டபின் பளபளக்கிறதா என்று நான் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேனே, அதுவேதான். அன்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

மூன்றாம் வாரப் பரீட்சையில் ஒரு கேள்வி. சரளை, மணல், நுண்தூள் மூன்றையும் தண்ணீரில் கலக்கிவிட்டால் என்ன ஆகும்? ‘எல்லாம் சில நிமிடங்களில் படிந்துவிடும்’ என்பதை யோசிக்காமல் தொட்டேன். எங்கள் வேலையே அப்படித்தான். மெஷினை நிறுத்துவோம், வெள்ளைப் புகை கீழே இறங்கும்வரை பொறுப்போம், மூக்கில் கட்டிய டவலை அவிழ்த்து அங்கேயே டீ குடிப்போம். சாயங்காலம் உள்ளே போன தூசியை இறக்க ஒரு கட்டி வெல்லம். கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னேன்? தப்பு என்று சிவப்புக் குறி போட்டது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! அந்த வாத்தியாரைப் பொய்யாக்கியே தீருவது என்று பாபுவுக்குப் போன் போட்டேன். பாபு செல்வியின் தம்பி, முப்பத்திநாலு வயது. எட்டு வருடம் முன்பு என்னோடு வேலைக்கு வந்தவன், இப்போது என் மெஷினை ஓட்டுகிறான். அறுத்த இடத்துத் தூளை ஒரு கவரில் கொண்டுவரச் சொன்னேன். செல்வி அதை மூக்கைக் கட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அடியில் தடிமனாகப் படிந்தது. “பாத்தியா?” என்றேன்.

“மேல இன்னும் பால் மாதிரி நிக்குதே,” என்றாள் செல்வி.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும் தண்ணீர் வெள்ளையாகத்தான் இருந்தது. நாங்கள் புகை இறங்கிவிட்டது என்று டவலை அவிழ்த்தபோதெல்லாம் காற்றிலும் இப்படித்தான் நின்றிருக்கிறது. என்னைப் பற்றி நினைக்க ஒன்றுமில்லை, நான் முடிந்த கணக்கு. அந்த நிமிடம் பாபு எங்கேயோ டவலை அவிழ்த்துக்கொண்டிருப்பான். அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு அவன் வேலை செய்த அபார்ட்மெண்டுக்குப் போனேன். நல்லவேளை, லிப்ட் இருந்தது. தண்ணீர் ஊற்றி அறு என்றேன்.

“ஓனர் கத்துவார் மாமா, தரையெல்லாம் சேறாகும். ஷாக் வேற அடிக்கும். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“நானும் இதையேதான் சொன்னேன்டா மச்சான்.”

“ஒரே ஒரு கட்டிங்தான். நீ கீழ போ.”

நான் போகவில்லை. பலகைக்குப் பக்கத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவன் மெஷினைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“எழுந்திரு மாமா, உனக்கு ஆகாது.”

“எனக்கு ஆகாதது உனக்கு மட்டும் ஆகுமா? போடு மெஷின.”

அவன் போடவில்லை. என்னைத் திட்டினான், அக்காவுக்குப் போன் செய்தான். அவள் என்ன சொன்னாளோ, போனை வைத்துவிட்டுப் பலகையைக் கீழே பார்க்கிங்கில் குழாய் பக்கம் இறக்க ஆள் கூப்பிட்டான். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஸ்விட்சைப் போட்டான். தண்ணீர் விழும் மெஷினும் சரியான மாஸ்க்கும் வாங்கினான். இன்றுவரை ஈரத்தில்தான் அறுக்கிறான்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் அவனையும் இழுத்துப் போனேன். அவன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்தபோது, அவர் வாய் திறப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள்.

“ஆரம்பம்தான். இதோட தூசிய விட்டா, இப்படியே நிக்கலாம்,” என்றார். பாபு என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் செல்விக்கும் கல்யாணமான நாளிலிருந்து அவன் என் கையைப் பிடித்ததில்லை.

வகுப்பை முடித்துவிட்டேன். இரண்டு பரீட்சையில் தோற்று, மறுபடி எழுதி. கல்லுக்கு லட்சம் வருடம் ஒரு பொருட்டில்லை என்று இப்போது தெரியும். எனக்கு நேரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. நின்று நின்று ஏற எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. பாபுவுக்கு ஒரு நிமிடம். அவன் எனக்காக மெதுவாக ஏறினால் திட்டி முன்னே அனுப்புகிறேன். அவன் கதவைத் தட்டும் சத்தம் மேலே கேட்கும்வரை, கைப்பிடியைப் பிடித்தபடி நின்று எண்ணுகிறேன். நேற்றும் அறுபதுக்குள் தட்டிவிட்டான்.