ஒலக்கூரில் இறங்கியவர்கள்

திண்டிவனத்தில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்ட என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே அது எதனால் எரிந்தது என்று சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் கற்றதெல்லாம் நானாகக் கற்றது. நான்தான் இவனுக்குச் சொல்லித்தந்தேன் என்று எவனும் வந்து நிற்க முடியாது.

விழுப்புரத்தில் மாடி வீடு கட்டினேன். மூன்று அறையிலும் ஏசி. இருப்பது நான் ஒருத்தன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு மகன் சென்னையில், ஒருத்தன் பெங்களூரில். காரும் நிற்கிறது, ஓட்ட ஆள் வைக்கவும் வசதி உண்டு. ஆனாலும் திண்டிவனத்துக் கடைக்குக் காலை பாசஞ்சரில்தான் போவேன். "இன்னாத்துக்குண்ணே இந்த வயசுல ரயில்ல இடிபட்டுக்கினு போற?" என்று தெருவில் கேட்கிறார்கள். முன்பு ஒரு கதைக்காகப் போனேன். இப்போது எதற்குப் போகிறேன் என்பதை எழுதித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பெட்டியில் ஒரு பாய் வருவார். திண்டிவனத்தில் துணிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் போகும் வழியில் தடியாக ஒரு புத்தகம் படித்துக்கொண்டே வருவது அவர் வழக்கம். ராஜா ராணி காலத்துக் காதல் கதை, பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்த கதை. அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்றுவிட்டார்கள். எதிர் சீட்டில் உட்காரும் டீச்சரிடம் புத்தகத்தை நீட்டி, "அந்தப் பொண்ணு கோட்டையவுட்டு வெளிய வந்துச்சா இல்லியான்னு மட்டும் பாத்து சொல்லும்மா" என்றார். டீச்சர் பார்த்து மட்டும் சொல்லவில்லை. வாய்விட்டே படித்தார்.

நான் அதுவரை விழுப்புரத்தில் ஏறினால் தூங்கிவிடுகிற ஆள். அன்றைக்குத் தூங்கவில்லை. கடல் வழியாகக் குதிரை கொண்டுவந்து விற்கிற ஒரு வியாபாரி, மரக்காணத்துக் கரையில் இறங்குகிறான். செஞ்சி மலைப் பக்கத்துச் சின்ன ராஜ்யத்து இளவரசி அவனிடம் குதிரை வாங்க வருகிறாள். அவள் குதிரையின் பல்லைப் பார்க்கிறாள், அவன் அவளைப் பார்க்கிறான். அவ்வளவுதான் முதல் நாள். மறுநாள் நான் முன்னாலேயே வந்து டீச்சருக்குப் பக்கத்து இடத்தில் துண்டு போட்டு வைத்தேன்.

எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் கண்ணால் படித்தால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஆளாக வந்து நிற்கும். வாக்கியம் முடிவதற்குள் அதன் தலை மறந்துபோகும். காதில் விழுந்தால் ஒரு முறை போதும். டீச்சர் படித்ததை நான் அப்படியே கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லுவேன். டீச்சர் படித்ததைவிட நான் சொன்னதுதான் நன்றாக இருந்தது என்று அவர்கள் சொன்னதுண்டு.

நாலைந்து பேராக இருந்தது, பாதிப் பெட்டி ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸம்மா, கோர்ட்டு ஆட்கள், முண்டியம்பாக்கத்தில் ஏறும் காலேஜ் பிள்ளைகள். கரும்பு ஆலை வாசனை அடிக்கும்போது முதல் பக்கம் எடுத்தால், மயிலம் தாண்டும்போது அத்தியாயம் முடியும். டீச்சருக்கு அந்தக் கணக்கு கைவந்திருந்தது. தொண்டை காயாமல் இருக்க நான் பிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுபோவேன். அந்த வேலையை வேறு யாருக்கும் நான் விட்டதில்லை.

ஒருநாள் அந்தக் கணக்கு தப்பியது. குதிரை வியாபாரி கப்பலேறுகிறான். திரும்பிப் பார்த்தால் பிடித்துக் கொன்றுவிடுவார்கள். அவள் மணலில் நிற்கிறாள், அவன் முதுகையே பார்த்துக்கொண்டு. பெட்டியில் ஒரு இருமல் இல்லை. டீச்சர் குரல் மட்டும். வண்டி நின்றது தெரியும், கிளம்பியதும் தெரியும். அவன் திரும்பிப் பார்த்தானா என்பதுதான் தெரியவில்லை. அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, விற்கிறவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை ஒரு சுற்று பார்த்தார்.

"இன்னா, திண்டிவனத்த வுட்டுட்டு மொத்த கும்பலும் ஒலக்கூர்ல கல்யாணத்துக்குப் போறீங்களா?"

"ஐயோ, ஹெட்மாஸ்டர்!" என்று டீச்சர் எழுந்தார்.

"உக்காரு டீச்சர். இப்ப குதிச்சி இன்னா ஆவப்போவுது?" என்றார் நர்ஸம்மா. "என் டூட்டியும் போச்சி. அவன் திரும்பனானா இல்லியா, அத்த சொல்லு."

ஒலக்கூரில் கும்பலாக இறங்கினோம். பஸ் பிடிக்க ஓட வேண்டியவர்கள் யாரும் ஓடவில்லை. எப்படியும் தாமதம்தான் என்று பிளாட்பாரத்து மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தோம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரோட்டுக்கு நடந்தார். அன்றைக்குக் கடையை நான் எத்தனை மணிக்குத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த பாகத்தில் அவன் திரும்பி வந்தான். கல்யாணம் ஆயிற்று. இளவரசி முழுகாமல் இருந்தாள். ஆயுத பூஜைக்கு ரயில் பெட்டிக்கே மாலை கட்டுகிற ஜனம்தானே நாங்கள். "ஏழாம் மாசம் வந்துடுச்சி, சொம்மா இருக்கறதா?" என்று பெண்கள் கிளம்பிவிட்டார்கள். புத்தகத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, ஜன்னல் கம்பியில் கண்ணாடி வளையலாக மாட்டினார்கள். புளி சோறு, எலுமிச்சை சோறு, தேங்காய் சோறு, தயிர் சோறு எல்லாம் தூக்கு தூக்காக வந்தது. சர்க்கரைப் பொங்கல் என் செலவு.

அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் ஏறினார்.

"யாருக்கும்மா வளைகாப்பு?"

"இளவரசிக்குங்க சார்."

"எங்க உக்காந்திருக்காங்க அவங்க?"

டீச்சர் ஜன்னலைக் காட்டினார். அவர் புத்தகத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பாய் எழுந்து கும்பிட்டு, "சீசன் டிக்கெட்டெல்லாம் கேட்றாதீங்க சார். புள்ளத்தாச்சி" என்றார். மனிதர் சிரித்துவிட்டார். ஒரு தொன்னை பொங்கல் வாங்கிக்கொண்டு போனார்.

இவ்வளவு பிரியமாக இருந்தவர்கள் எப்படி விட்டுப்போனார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். முதல் அடி அந்தக் கதையே கொடுத்ததுதான். இரண்டு பாகம் கழித்து, குதிரை வியாபாரி இன்னொரு நாட்டு ராஜா மகளையும் கட்டிக்கொண்டான்.

"ராஜகாரியம்மா அது. படை உதவி வேணும்ல?" என்று பாய் அவனுக்காகப் பேசினார்.

"எந்தக் காரியமா இருந்தா இன்னா பாய்? ஒருத்தி கைப்புள்ளய வெச்சிக்கினு கடலப் பாத்து நிக்கிறா. இவன் அங்க மால மாத்திக்கினு இருக்கான். இனிமே அவன் பேச்சு என் காதுல வுழக் கூடாது" என்றார் நர்ஸம்மா.

"கதைதானேம்மா" என்றேன் நான்.

நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. "கதைன்னு நெனச்சா வளைகாப்பு போட்டோம்?"

அவர் அடுத்த பெட்டிக்குப் போனார். வளையல் மாட்டிய கைகளில் பாதி அவரோடு போயிற்று. மீதிப் பேரைக் காலேஜ் பிள்ளைகள் கலைத்தார்கள். அவர்கள் போனில் முன்னாலேயே படித்துவிட்டு வந்து, டீச்சர் வாயைத் திறக்கும்முன் "மேடம், அந்த தளபதி சாவல, பத்தாவது அத்தியாயத்துல வந்துடுவான்" என்பார்கள். செத்தவனெல்லாம் எழுந்து வருவதில் பெரியவர்களுக்கும் சலிப்புத் தட்டியது. கதை மகள் காலத்துக்குப் போயிற்று, பேரன் காலத்துக்குப் போயிற்று. எழுதுகிறவருக்கும் முடிக்க மனசில்லையோ என்னவோ. எனக்கு மட்டும் ஒரு நாளும் சலிக்கவில்லை. என் வீட்டைப் போலவே அந்த அரண்மனையிலும் ஆள் குறைந்துகொண்டே போயிற்று.

பிறகு நோய்க்காலம் வந்து பாசஞ்சர் வண்டியையே நிறுத்தினார்கள். மறுபடி விட்டபோது பாதிப் பேர் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் மாறியிருந்தார்கள். பாய் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, துபாயில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். டீச்சர் ஓய்வு பெற்றார். வண்டி மட்டும் அதே நேரத்துக்கு விழுப்புரத்தில் வந்து நின்றது. நான் ஏறினேன்.

போன வருஷம் கடைசிப் பாகம் வந்துவிட்டது. இதோடு முடிந்தது என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். புத்தகக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் வந்தது. முடிவை அந்தப் பெட்டியில், ஆட்களோடு உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். தனியாக வேண்டாம். மருமகள் போனில் ஏதோ ஆப் போட்டுக் கொடுத்தாள், அது தானாகப் படிக்கிறது. அந்தக் குரல் மூச்சே வாங்கவில்லை. மூச்சு வாங்காதவளுக்கு அழுகை எங்கே வரும்? நிறுத்திவிட்டேன்.

பாய்க்கு அட்டைப் படத்தை அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. டீச்சரை போனில் கூப்பிட்டேன்.

"டீச்சர், கடைசி பாகம் வந்துடுச்சி."

"எது அண்ணே?"

"நம்ம கதை."

"அட, அது இன்னுமா போய்க்கினு இருந்துது!" என்று சிரித்தார். "நான் அத்த எப்பவோ வுட்டுட்டேண்ணே. இப்ப கொரியா சீரியல்தான். தமிழ்லயே பேசறாங்க. அங்கயும் ராஜா, ராணி, அழுகை எல்லாம் இருக்குது. நீங்களும் பாருங்க."

"ஒரு நாள் வண்டியில வந்து படிச்சிக் குடுங்க டீச்சர். ஒரே நாள். கடைசி அத்தியாயம் மட்டும்."

டீச்சர் குக்கரை அணைத்துவிட்டு வந்தார்.

"உங்களுக்காக வர்றேண்ணே" என்றார்.

பழைய ஆட்களில் இன்னும் வருகிறவர்கள் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்தேன். நர்ஸம்மாவிடமும் சொன்னேன். "அவன் செத்துட்டானா? செத்துட்டா வர்றேன்" என்றார். வரவில்லை.

டீச்சர் அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடி மாற்றியிருந்தார். நான் சுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். முண்டியம்பாக்கம் வந்ததும் புத்தகத்தை விரித்தார். கிழவனாகிவிட்ட குதிரை வியாபாரி, குதிரை இல்லாமல், நடந்தே கோட்டைக்கு வருகிறான். குரல் அதே குரல்தான். ஆனால் மேல் படுக்கையில் ஒருத்தர் போனில் சினிமாப் பாட்டு ஓடவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் வீடியோவில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். சொல்லி வைத்த ஆட்கள் வந்து தலையைக் காட்டி, வணக்கம் சொல்லி, காதில் கருவியை மாட்டிக்கொண்டார்கள். எதிரில் மடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்த இளைஞர் மரியாதையாகத்தான் சொன்னார். "மேடம், கொஞ்சம் மெதுவா. மீட்டிங்ல இருக்கேன்."

டீச்சர் குரலைத் தணித்தார். விக்கிரவாண்டியில் எனக்கு மட்டும் கேட்டது. அடுத்த ஸ்டேஷன் பேரணியில் எனக்கும் சரியாகக் கேட்கவில்லை. மூடிய கதவின் முன்னால் அவன் நிற்கிறான், "யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. அந்த இடத்தில் டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"மீதிய நீங்களே படிச்சிடுங்கண்ணே. எனக்குத் தொண்டை கட்டுது."

தொண்டை கட்டவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். திண்டிவனத்தில் இறங்கி, அவரை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "அந்தக் காலம் நல்லாதான் இருந்துச்சு, இல்லண்ணே?" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் வண்டியில் நானே எடுத்தேன். விரல் வைத்து, வாய்விட்டு, எழுத்துக் கூட்டி. யாரும் கேட்காவிட்டால் போகட்டும், பாய் கேட்கட்டும் என்று போனை வாயருகே பிடித்துப் பதிவு செய்து துபாய்க்கு அனுப்பினேன். கால் பக்கம்தான் முடிந்தது. எதிர் சீட்டுக்காரர் சட்டென்று காலைக் கீழே இறக்கிக்கொண்டு, "சுலோகமா பெரியவரே? படிங்க, படிங்க" என்றார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினேன். முடிவு வரைக்கும் அனுப்பினேன். உள்ளேயிருந்து கேட்டவள் யார், கதவு திறந்ததா, எல்லாம் என் குரலிலேயே போயிற்று. நானே படித்தேன் என்பதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? இந்தப் பெட்டியில் அதை முழுக்கப் படித்து முடித்த ஆள் நான் ஒருத்தன்தான்.

பாயின் பதில் ஒரு வாரம் கழித்து அவர் குரலிலேயே வந்தது. பின்னால் ஏதோ குழந்தை இங்கிலீஷில் அடம் பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? நீங்க படிக்கறது சரியா காதுல வுழல. வண்டி சத்தம்தான் வருது. மயிலம் தாண்டனதும் ஒரு பாலம் வருமே, அதுல தடதடன்னு போவும் பாருங்க, அது சூப்பரா கேட்டுச்சு. தெனமும் போட்டுப் போட்டுக் கேக்கறேன். இனிமே படிக்க வேணாம்ணே. அந்த சத்தத்த மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டமா அனுப்புங்க."

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. மயிலம் தாண்டியதும் எழுந்து ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாலம் வந்தது. என் மூச்சு சத்தம்கூட அதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.