பூட்டில் போட்டுப் பார்க்காத அட்டை

என் வீட்டுக்காரர் சாவி செய்கிறவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை. ஒருவர் உள்ளே நின்றால் இரண்டாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவு. முப்பத்தொரு வருடமாக அதே கடை, அதே அரம், அதே பிடிவாதம். தான் வெட்டிய சாவியைத் தானே பூட்டில் போட்டுத் திறந்து பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். "அவசரம், கொடுங்க, வீட்ல போய்ப் பார்த்துக்கறேன்" என்று வந்தவர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. கடையைச் சாத்திவிட்டு அவர் பின்னாலேயே மூன்று மாடி ஏறிப் போவார். இதற்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் ஒரே பெண் ஸ்பானிஷ் பேசுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை தட்டுத்தடுமாறி எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டார். அவருடைய அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. போன வருடம் கணவரை இழந்தவர், பேரப்பிள்ளை பிறக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று விமானம் ஏறி வந்தார். மாப்பிள்ளையின் வீட்டில் ஒரே அறைதான் என்பதால் எங்கள் முன்னறையை ஒழித்துக் கொடுத்தோம். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. ஆனால் எத்தனை நேரம்தான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது? பத்து நாளில் எனக்கே கன்னம் வலித்தது. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"மாமா, அம்மா அடுத்த வியாழக்கிழமை திரும்பிப் போறேங்கறாங்க. தன்னால யாருக்கும் பிரயோஜனம் இல்லையாம். டிக்கெட்டையும் மாத்திட்டாங்க."

என் பெண் அழுதாள். அவர் மனம் கசந்து போனால் அந்தக் கசப்பு காலத்துக்கும் நிற்கும் என்று எனக்கும் தோன்றியது. என் வீட்டுக்காரர் மட்டும் மோவாயைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளை, ஒரே சாவியில நிறைய கதவு திறக்கற மாதிரி உங்க பாஷையில ஏதாவது இருக்கா?"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "தெங்கோ, மாமா. 'என்கிட்ட இருக்கு'ன்னு அர்த்தம். நாங்க பசிக்குதுன்னு சொல்ல மாட்டோம், பசி வச்சிருக்கேன்னு சொல்லுவோம். குளிர், தூக்கம், அவசரம் எல்லாத்துக்கும் அப்படித்தான்."

அன்று மாலையே சமையலறைச் சுவரில் ஒரு பலகை ஏறியது. கடையில் சாவிக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் அட்டைகள் பதினொன்றில், மாப்பிள்ளை சொல்லச் சொல்ல, இவர் எழுதி இடது பக்க ஆணிகளில் மாட்டினார். வலது பக்க ஆணிகள் காலி. சொல்லிப் பார்த்தது வலது பக்கம் போகுமாம்.

"பசிக்குதுன்னு இப்பவே போய்ச் சொல்லுங்க. பாவம், சந்தோஷப்படுவாங்க" என்றேன்.

"இப்பத்தானே சாப்பிட்டேன். இல்லாததை இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

தலையில் அடித்துக்கொண்டேன். சாவிக்கு வைத்திருந்த சட்டத்தைப் பேச்சுக்கும் போட்டுவிட்டார்!

மறுநாள் மதியம் கடையிலிருந்து வியர்த்துப்போய் வந்தவர் நேரே முன்னறை வாசலில் நின்று, "தெங்கோ ஆம்ப்ரே" என்றார். சம்பந்தியம்மா படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கீழே போட்டார். அப்புறம் ஒரு சிரிப்பு. எங்கள் வீட்டில் அவர் பல் தெரியச் சிரித்தது அன்றுதான். அடுப்பிலிருந்து என்னை நகர்த்திவிட்டு நான்கு முட்டையை உடைத்து ஊற்றினார். இவர் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்து, பசி அட்டையை வலது பக்கம் மாற்றினார்.

மழையில் நனைந்து வந்த நாளில் குளிர் அட்டை மாறியது. கடைக்கு நேரமான காலையில் அவசரம் மாறியது. ஒழுகுகிற குழாயை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று சம்பந்தியம்மா காட்டிக் கொடுத்தபோது, 'உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது' என்கிற அட்டையும் மாறியது. முப்பத்தொரு வருடத்தில் அதை எந்தப் பாஷையிலும் என்னிடம் சொன்னதில்லை. வந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்குக் கிடைத்துவிட்டது.

ஆனால் சம்பந்தியம்மாவின் பெட்டி கட்டியது கட்டியபடியே இருந்தது. திங்கட்கிழமை இடது பக்கம் ஒரே ஒரு அட்டைதான் மிச்சம். 'தெங்கோ மியேதோ'. பயம் இருக்கிறது.

"நீங்க போனா எங்களுக்குப் பயமா இருக்கும்னு சும்மா சொல்லுங்களேன். அவங்க மனசு இளகிடும்" என்றேன்.

"எனக்கென்ன பயம்? கையில இல்லாததை எடுத்து நீட்டச் சொல்றியா?"

கரண்டியை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே, பன்னிரண்டு நாள் முன்னதாக, என் பெண்ணுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரத்திலேயே டாக்டர் வெளியே வந்தார். குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். மாப்பிள்ளையைக் கையெழுத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியம்மா நடைபாதையின் கடைசியில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார். இப்படி ஒரு நடைபாதையில் நின்றுதான் அவர் கணவரைப் பறிகொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல வார்த்தைதான் இல்லை.

இவர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்து நடுக்கத்தில் கிணுகிணுவென்றது. சம்பந்தியம்மாவிடம் போய் நின்று சொன்னார்.

"தெங்கோ மியேதோ."

சம்பந்தியம்மா திரும்பினார். அரம் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "தெங்கோ மியேதோ" என்று அவரும் சொன்னார். சொன்னதுமே உடைந்து அழுதார். வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. இவரும் அழுதார். நான் போய் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றோம். குழந்தையின் வீறிடல் கேட்டது. பெண் குழந்தை. தாயும் நலம்.

வியாழக்கிழமை விமானம் சம்பந்தியம்மா இல்லாமலே கிளம்பியது. அன்று காலை அவர் சமையலறைக்கு வந்து, யாரையும் கேட்காமல், அந்தக் கடைசி அட்டையைக் கழற்றி வலது பக்கம் மாட்டினார். பிறகு என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, பிள்ளை பெற்றவளுக்குச் சூப் கிண்ட ஆரம்பித்தார். இன்னும் ஐந்து மாதம் எங்களோடு இருந்தார்.

அந்த வியாழக்கிழமை காலை இவர் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் பலகையிலிருந்து 'உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது' அட்டையை எடுத்துப் போய் அவர் கையில் வைத்தேன்.

"என்னது?"

"எடுத்துக்கோங்க. பூட்டில் போட்டுப் பார்த்துட்டுத்தான் தர்றேன்."