பதினெட்டுக்கு மேல் ஒரு குஞ்சு

அந்தக் குஞ்சுகளுக்கு நோய் வருத்தம் இருந்தது உமக்குத் தெரியும். தெரிந்துதான் தந்தீர். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ஓட்டை போட்ட மட்டைப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு, "இண்டைக்கே கொண்டுபோங்கோ அண்ணை, நாளைக்கு வைச்சிருக்க ஏலாது" என்றீர். நான் கேட்டது இருபது. நீர் தந்தது இருபத்தைந்து. ஒரு பண்ணைக்காரர் ஐந்து குஞ்சைச் சும்மா தருகிறார் என்றால் ஏன் என்று கேட்கிற மூளை அன்று எனக்கு இல்லை. பெட்டிக்குள் இருந்து வந்த கீச்சுச் சத்தத்தில் என் புத்தி போய்விட்டது.

நான் அனலைதீவுப் படகில் வேலை செய்தவன். கயிறு எறிவேன், சாமான் ஏற்றுவேன், எஞ்சின் பார்ப்பேன். கிழமைக்கு இரண்டு தரம் உம்முடைய குஞ்சுப் பெட்டிகள் என் கையால்தான் படகில் ஏறும். கள்ளுக்கடைக்குள் வேலை செய்கிறவன் குடிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டம் எனக்குக் குஞ்சு வாங்காமல் இருப்பது. வீட்டில் நானும் அக்காவும் மட்டும். கோழிகள் அக்காவுடையவை. எங்கள் கிணறு உவர். நல்ல தண்ணீரைப் பொதுத்தொட்டியில் வரிசையில் நின்று அள்ளி, குடத்தில் தூக்கி வரவேண்டும். அதில் கோழிகளுக்கு நாளுக்கு அரைக் குடம் என்று அக்கா ஒதுக்கியிருந்தார். அந்த அரைக் குடத்துக்குப் பதினெட்டு உருப்படி. குஞ்சும் கணக்கில் சேரும். அதற்கு மேல் ஒன்று பொரித்தால் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

நான் கூட்டிக்கொண்டே இருந்தேன். பருந்து ஒன்றைத் தூக்கினால் இரண்டு வாங்குவேன். சேவல் அதிகமாகிவிட்டது என்று பேடு வாங்குவேன். ஒன்று தனியாக நின்று கத்துகிறதே என்று அதற்குத் துணை வாங்குவேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் நியாயம் இருந்தது. அக்கா குசினி வாசலில் நின்று அரிசிக் குறுணலை எறிந்துவிட்டு ஒரே ஒரு தரம்தான் பார்ப்பார். விரல் மடக்க மாட்டார், வாய் அசையாது. நாற்பது கால்கள் ஒன்றையொன்று முட்டி மோதி ஓடுகிற இடத்தில் எப்படி எண்ணினாரோ, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"பத்தொன்பது. நேற்றுப் பதினெட்டு. எங்காலை வந்தது?"

"வழி தவறி வந்திருக்கும் அக்கா."

"கடலுக்கு மேலாலையோ?"

நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். "குஞ்சு வடிவாத்தான் இருக்கும். தண்ணியும் வடிவாத்தான் குடிக்கும். நாளைக்கு நீ குடத்தைத் தூக்கு" என்பார். நாளைக்கும் அவர்தான் தூக்குவார்.

எங்கள் ஊரில் அடைக்கோழியை இரவல் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. என் வீட்டில் முட்டை இருக்கும், அடைக்கு இருக்கிற கோழி இராது. பக்கத்து வீட்டில் கோழி குறுகுறுத்துக்கொண்டு படுத்திருக்கும், கீழே முட்டை இராது. கோழியை வாங்கி வந்து வைப்போம். குஞ்சில் பாதி கோழிக்காரருக்கு. இப்படியே எல்லா வீட்டுக் கோழிகளும் ஒன்றுக்கொன்று உறவு.

உம்முடைய இருபத்தைந்தையும் அக்காவின் கண்ணிலிருந்து மறைக்க அந்த வழக்கத்தைத்தான் பிடித்தேன். தெற்கு வளவு மாமியிடம் அடைக்கோழி ஒன்றை இரவல் வாங்கி, பின்பக்கக் கொட்டிலில் வைத்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் செட்டைக்குக் கீழே தள்ளினேன். ஒவ்வொன்றையும் அது குனிந்து பார்த்தது. பிறகு உடம்பை உப்பி இடம் விட்டது. தான் பொரிக்காத இருபத்தைந்தையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். கும்பிட வேண்டும் போலிருந்தது. நான்காம் நாளே, அக்கா கொட்டில் பக்கம் வருவதற்கு முன், பாதிக் குஞ்சுடன் கோழியை மாமியிடம் அனுப்பினேன். இன்னும் இரண்டு வீட்டுக்கு மூன்று மூன்றாகக் கொடுத்தேன். எங்கள் தாய்க்கோழியின் குஞ்சுகளில் ஏழை மாமிக்கே கொடுத்துவிட்டு, அக்காவின் கணக்குக் கூடாதபடி மிச்சம் ஏழையும் அந்த இடத்தில் கலந்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஆறாம் நாள் காலையில் முற்றத்தில் மூன்று குஞ்சுகள் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தன. பெரிய கோழிகள் செட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. அக்கா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. "எந்தெந்த வீடு?" என்று மட்டும் கேட்டார். மூன்று வீட்டைச் சொன்னேன். அந்த மூன்று வீட்டிலிருந்து எந்தக் கோழி எந்த வீட்டுக்கு அடைக்குப் போயிருக்கிறது, அங்கிருந்து எது எங்கே போக இருக்கிறது என்று அவர் நின்ற நிலையில் சொல்லிக்கொண்டே போனார். பதினொரு வீடு வந்தது. வருத்தம் காலோடு போகாதபடி காலைக் கழுவினார், சாம்பலையும் சவர்க்காரத்தையும் போட்டுத் தேய்த்துக் கழுவினார், புறப்பட்டார். நான் பின்னால் போனேன்.

மத்தியான வெயில். எந்த வீட்டிலும் படலைக்குள் போகவில்லை. வெளியில் நின்று கூப்பிட்டு ஒரே வசனத்தைச் சொன்னார். "எங்கடை முற்றத்திலை இருந்துதான் வருத்தம் வந்தது. கோழியை வெளியிலை விடாதேங்கோ, ஒருத்தருக்கும் இரவல் குடுக்காதேங்கோ." தெற்கு வளவு மாமி, "உன்ரை தம்பியின்ரை குஞ்சுப் பைத்தியத்துக்கு என்ரை கூட்டைக் காலியாக்கிப் போட்டியளே" என்று மண்ணை அள்ளி எறியாத குறை. அக்கா, "ஓம் மாமி, எங்கடை பிழைதான்" என்றார். ஆறாம் வீட்டுக்காரர் மட்டும் கதிரையில் சாய்ந்தபடி, "ஆர் பிள்ளை உம்மைக் கேட்டது? பேசாமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரியாதே" என்றார்.

"நான் பேசாமல் இருந்தால் நீங்கள் பின்னேரம் அந்தச் சிவப்புப் பேட்டுக்கோழியை அடுத்த வீட்டுக்குக் குடுத்துப் போடுவியள்."

அவர் எழும்பிப் போய் அந்தக் கோழியைப் பிடித்துக் கூட்டில் அடைத்தார்.

முதல் ஐந்து வீட்டிலும் கோழி மிஞ்சவில்லை. பின் ஆறு வீட்டில் ஒன்றும் சாகவில்லை. எங்கள் முற்றத்தில் பதினெட்டும் போயிற்று. தாய்க்கோழிதான் கடைசி. செத்த பிறகும் அதன் செட்டை விரிந்தே இருந்தது. அக்கா ஒவ்வொன்றாகக் குழியில் வைத்தார். பிறகு ஒரு கோழியும் வளர்க்கவில்லை. பதினொரு வீட்டில் பழி கேட்டுவிட்டு வந்து, எனக்குச் சோறு போட்டார். என் பெயரை ஒரு படலையிலும் சொல்லவில்லை. 'எங்கடை' என்றார். அந்தச் சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து உம்முடைய பண்ணையில் வேலை செய்த பெடியன் படகில் வந்தான். "அதுக்கு முதலே மூண்டு நாளாச் செத்துக்கொண்டிருந்தது அண்ணை. இருக்கிறதைத் தள்ளிவிடச் சொன்னவர்" என்றான். அக்காவிடம் சொன்னேன். "அவர் வந்து சொல்லட்டும்" என்றார். நீர் வரவில்லை.

இந்த மாரியில் அக்கா போய்விட்டார். செத்தவீட்டுக்கு மட்டும் வந்தீர். பந்தலுக்குள் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, "நல்ல மனுசி" என்றீர். எனக்கு வாய்க்குள் வந்ததை அன்று விழுங்கினேன். இப்போது எழுதுகிறேன்.

இந்த மாதச் சனசமூக நிலையக் கூட்டத்துக்கு வாரும். அந்த ஐந்து வீட்டுக்காரரும் இருப்பார்கள். முதலில் நான் எழும்பி, ஒளித்துக் கொண்டுவந்ததும் பிரித்துக் கொடுத்ததும் நான்தான் என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லுவேன். பிறகு நீர் எழும்பும். தெரிந்து தந்தீரா, தெரியாமல் தந்தீரா? எல்லார் முகத்தையும் பார்த்துச் சொல்லும்.