அவள் காதில் போடாத சேதி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு பங்குனி உத்திரத்தன்று, மலேசியாவில் ஒரு முருகன் கோயிலில் நடந்தது இது.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். சொந்த ஊர் கவரைப்பேட்டை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்ததும், கை கால் நன்றாக இருக்கும்போதே சாமிக்கு ஏதாவது செய்வோம் என்று நானும் என் மனைவியும் அந்தக் கோயிலுக்கு ஒரு வருடத் தொண்டுக்குப் போனோம். தங்க ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, சம்பளம் கிடையாது. விடியற்காலையில் நான் பிராகாரம் கழுவி, விளக்குகளைப் புளி போட்டுத் துலக்குவேன். அவளுக்கு மடப்பள்ளி வேலை. காய் நறுக்கி, சமைத்து, பாத்திரம் கழுவி முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும். சாயங்காலம் இரண்டு பேரும் பூக்கட்ட உட்காருவோம். அப்போது ஆரணியில் இருக்கும் தன் அண்ணனுக்கு என் போனிலிருந்து பேசுவாள், அவளுக்கென்று தனிப் போன் கிடையாது. பேச்சில் விஷயம் ஒன்றும் இருக்காது, ஆனால் அரை மணி நேரம் ஓடும். நான் கிண்டல் செய்வேன், அவள் காதில் வாங்கவே மாட்டாள்.

உத்திரத்தன்று கூட்டம் நெரிந்தது. சர்க்கரைப் பொங்கல் அவள் பொறுப்பு. பெரிய அண்டாவில் கிண்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. அண்ணன் மகன். ராத்திரி நெஞ்சுவலி வந்து அவன் அப்பா போய்விட்டாராம்.

சாவுச் சேதி காதில் விழுந்த நிமிடத்திலிருந்துதான் தீட்டு என்பது எங்கள் வழக்கம். சொன்னால் அவள் அப்போதே மடப்பள்ளியை விட்டு வெளியே வர வேண்டும், பொங்கல் பாதியில் நிற்கும். எப்படியும் எடுப்பதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது, சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஆலையில் யாருக்கு எதை எப்போது சொல்வது என்று நானே தீர்மானித்துப் பழகிய புத்தி. எனக்குத் தீட்டு வந்துவிட்டதே என்று, கோயிலுக்கு வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். அந்த ஒழுங்கெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

மறுபடியும் போன். "மாமா, அத்தைய கூப்டு. நைனா மூஞ்சிய வீடியோல ஒரு தபா காட்டிட்றேன்."

அத்தை வேலையாக இருக்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டான். இந்த முறை அழுதான்.

"எடுக்கப் போறாங்கோ மாமா. நான் போன புட்ச்சிக்கினே நிக்கிறேன்."

அப்போதாவது உள்ளே ஓடியிருக்கலாம். ஆக வேண்டியதைப் பாருங்கப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் சிரித்த முகத்தோடு அறைக்கு வந்தாள். பொங்கலை எல்லோரும் புகழ்ந்தார்களாம். அதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று என் போனை எடுத்தாள். அதன்பிறகுதான் சொன்னேன். அவள் உடனே அழவில்லை.

"மூஞ்சிய காட்றேன்னு அவன் கேக்கலயா?"

"கேட்டான்."

"எத்தினி தபா?"

"ரெண்டு தபா."

எழுந்து போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் அழுவது கேட்டது. கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் குருக்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தெரியாததால் கோயிலுக்குத் தோஷமில்லை என்றார். நான் நினைத்தது சரிதான். ஆனால் அது கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

தீட்டு கழிந்ததும் அவள் மடப்பள்ளிக்குத் திரும்பினாள். மீதி மாதங்களையும் குறையில்லாமல் செய்து முடித்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

ஊர் திரும்பிவிட்டோம். இப்போதெல்லாம் யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும், அவள் இறந்தவரின் தலைமாட்டில் நின்று அந்த முகத்தையே நெடுநேரம் பார்க்கிறாள். போகலாம் வா என்று கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை. தொண்டு செய்யத்தான் கடல் கடந்து போனேன். அங்கே நான் செய்தது, ஒரு தங்கை தன் அண்ணனைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் குறுக்கே நின்றதுதான்.