மருதாணிக் கையும் வரலாற்றுப் புத்தகமும்

நாளை பெருநாள். இரண்டு கையிலும் கோன் மருதாணி போட்டு முடித்த பிறகுதான் ஆபீஸிலிருந்து எட்டுப் பக்க அறிக்கை போனில் வருகிறது. உடனே படித்துப் பதில் சொல்ல வேண்டும். அம்மா போனைப் பிடித்துக்கொண்டு திரையைத் தள்ளுகிறார். இரண்டு பக்கம் ஓடிவிடுகிறது. எனக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது.

பேகம்பூர் வீட்டில், நான் ஆறாம் வகுப்பு படித்தபோதும் இதே எரிச்சல். பெருநாளுக்கு மறுநாள் வரலாற்றுப் பரீட்சை. வேண்டாம் என்று சொல்லியும் அம்மா கேட்கவில்லை. மருதாணி இலையோடு கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டார்.

"நான் பொரட்டுறேன், நீ படி," என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூக்கு அரித்தது. பச்சை வாடையில் தலை வலித்தது. பாடத்தில் போர் தொடங்கியது, அம்மா புரட்டியதும் வேறொரு மன்னர் வந்து குளம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ம்மா, ரெண்டு பக்கம் போயிருச்சு. கீழ நம்பர் போட்டிருக்குல்ல, அதக்கூடப் பாக்கத் தெரியாதா?"

"தெரிஞ்சா நானே பரீட்சைக்குப் போயிருப்பேன்லடி," என்று சிரித்தார்.

ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு தாளுக்கும் விரலை நாக்கில் நனைத்தார். மருதாணிக் கசப்பில் முகம் சுளித்து, தாளைத் தனியாகப் பிரித்து, "ஒண்ணுதான?" என்று கேட்டே புரட்டினார்.

இப்போதும் விரலை நாக்கில் நனைத்துத் திரையைத் தொடுகிறார்.

"ஒண்ணுதான?"

மூன்று பக்கம் போய்விட்டது. இந்த வீட்டில் முதலில் படித்தவள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தின் கீழே இருக்கும் அந்த எண்களை அம்மாவுக்குச் சொல்லித்தர, இத்தனை வருடமும் என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன.