கடல் பக்கம் அவுட்

ஒருநாள் போட்டியின் விதிகள் எனக்கு மனப்பாடம். முதல் பத்து ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர்தான் நிற்கலாம். அந்த நேரத்தில் தூக்கி அடிப்பவனுக்கே ஓட்டம். தேத்தண்ணிக் கடை டீவிக்கு முன்னால் நின்று, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் இதை விளக்கியிருக்கிறேன்.

ஆனால் நான் விளையாடிப் பழகியது ஆலங்குடாக் கடற்கரையில். அங்கே வேறு சட்டம். கடல் இருப்பது லெக் பக்கம். பந்து நேரே தண்ணீரில் விழுந்தால் அவுட். டேப் சுற்றிய பந்து ஒன்றுதான் இருந்தது. கச்சான் காற்றடித்துக் கடல் கொந்தளிக்கும் நாளில் அதை எடுக்கக் கடலில் இறங்க எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். ஆகவே காலுக்கு வரும் பந்தை, மணிக்கட்டைத் திருப்பி மண்ணோடு தள்ளுவோம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், புத்தளத்தில் மாவட்ட அணிக்குத் தெரிவு வைத்தார்கள்.

"எடுபட்டா படிச்சிட்டு வெளாடு. இல்லாட்டிக் கட்டாருக்கு, மாமாட்ட வேலைக்குப் போ. வேற கத இல்ல" என்றார் வாப்பா.

தெரிவுப் போட்டியில் தொடக்கத்திலேயே இறங்கினேன். லெக் பக்கம் வட்டத்தோரம் மட்டும் ஆள். அதற்கப்பால் எல்லைவரை வெறும் புல். பந்து காலுக்கே வந்தது. என் மணிக்கட்டு திரும்பியது. பந்து மண்ணோடு ஓடி வட்டத்தில் நின்றவன் கைக்குப் போனது. அடுத்ததும் அப்படியே.

"மல்லி, தம்பி, மேலால அடிங்க! அங்க ஆள் இல்லதானே?" சிங்களப் பயிற்றுநர் கயிற்றோரம் நின்று கத்தினார்.

"ஓம் சேர்!"

தெரியாததா? கை கேட்கவில்லை. ஆட்டமிழந்து வெளியே வந்தபோது அவர் முதுகில் தட்டினார். "நல்ல பெட்டிங். டெஸ்ட் மெச் மாதிரி."

வாசித்த பெயர்களில் என் பெயர் இல்லை.

பஸ் பாலாவியைத் தாண்டியபோது கூட வந்த கூட்டாளி கேட்டான்: "டேய், அந்தக் கிரவுண்டுல எங்கடா கடலக் கண்ட?"

பின்னேரம் கடற்கரையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "இண்டைக்குக் கடல் அவுட் இல்ல. தூக்கு மச்சான், பந்து போனாப் போகட்டும்" என்றார்கள்.

காலுக்கே போட்டுத் தந்தார்கள். பந்து ஈரமணலில் உருண்டது. திரும்பவும் போட்டார்கள். திரும்பவும் உருண்டது. ஒருத்தனும் சிரிக்கவில்லை.

பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வேண்டும், அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னே ஸ்டூடியோவைப் பூட்டிவிடுவார்கள் என்று வாப்பா ஆளனுப்பியிருந்தார். வந்தவர் மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்து நின்றார்.

"இன்னும் ஒண்டு போடுடா" என்றேன்.